அரைநாள் ஆக்கள்

மேனுகா வேலை செய்த இடத்தை ஆரையம்பதியில் எல்லோரும் நண்டுக் கம்பனி என்றுதான் சொல்வார்கள். வாவிக் கரையில் தகரக் கூரை போட்ட நீண்ட கட்டடம். அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதையைக் கீறியெடுத்து, டின்னில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அது கப்பலேறும். நீளமான சில்வர் மேசைகளின் இருபக்கமும் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். ஐஸ் குளிரில் விரல்கள் விறைத்துப்போகும்.

காலையில் வந்ததும் நீலக் கார்டை மெஷினில் அடிக்க வேண்டும். மத்தியானம் அதைத் திரும்ப அடித்துவிட்டுச் சாப்பிட்டு வந்தால், இந்தமுறை மஞ்சள் கார்ட். நீலக் கார்டில் ஒரு கம்பனியின் பெயர் இருந்தது, மஞ்சளில் இன்னொரு கம்பனியின் பெயர். மேசையும் கத்தியும் மாறவில்லை, ஏசுகிற ஆளும் மாறவில்லை. ஆனால் கம்பனியின் கணக்கில் மேனுகா காலையில் ஓரிடத்தில் அரைநாள் வேலை செய்கிறாள், மத்தியானத்துக்குப் பிறகு வேறோரிடத்தில் அரைநாள் வேலை செய்கிறாள். அரைநாள் ஆட்களுக்கு லீவு கிடையாது, ஈபீஎஃப் எனும் சேமலாப நிதி கிடையாது, கம்பனி வேனில் ஏறவும் முடியாது. முன்மேசையில் இருந்த கொஞ்சப்பேர் மட்டும் நிரந்தரம். அவர்கள் காற்றாடி போட்ட அறையில் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் ஐஸ் அறைக்குப் பின்னால் நிழல் விழும் பக்கமாகப் பார்த்துக் குந்தினார்கள்.

"அரைநாள் ஆக்கள்" என்ற பேச்சைத் தொடங்கி வைத்தது மனேஜர் உதயரூபன். அவன் மேனுகாவின் அக்கா பிரஷாந்தியின் புருசன். மேனுகாவை வேலையில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். அக்காவுக்கும் தங்கைக்கும் சீதனமாகக் கிடைத்த வீடுகள் ஒரே வளவில் அடுத்தடுத்து நின்றன. நடுவில் ஒரு கிணறு, ஒரு முருங்கை. தாய் தகப்பன் இருவரும் இப்போது இல்லை.

வயிறு வெளியே தெரியத் தொடங்கியதும் மேனுகா அவனுடைய அறைக்குப் போனாள்.

"அத்தான், லீவு விசயமாக் கதைக்க வந்த நான்."

"என்ன லீவு?"

"பிள்ளப்பேத்து லீவு."

உதயரூபன் கொம்பியூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது நிரந்தர ஆக்களுக்கு. பார்ட் டைம் ஆக்களுக்கு இல்ல. நீ வேலையில இருந்து நிண்டுகொள். புள்ள வளந்தாப்போல வா, இடமிருந்தாப் பாப்பம்."

"நான் பார்ட் டைமா? வெள்ளன வந்து பொழுதுபடத்தானே போறன்."

"ரெண்டு கம்பனிக்குப் பாதிப் பாதியா வேல செய்றாய். அதுதான் பார்ட் டைம்."

"அப்ப என்ட வயித்துல இருக்கிறது பாதிப் புள்ளயா அத்தான்?"

இப்போது அவன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடிக்கு வெளியே ஒரு கிளார்க் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இது கேட்டுவிட்டது என்பதுதான் அவனுக்கு எல்லாவற்றையும் விடக் கோபத்தைக் கிளப்பியது.

"வீட்டுக் கதைய வீட்டில வை. இஞ்ச நான் மனேஜர். வாசலுக்கு வெளியில எத்தின பொம்புளயள் வேல கேட்டு நிக்கிறாங்க தெரியுமா? போ, போய் மேசையில இரு."

கிளினிக்குக்குப் போன நாளில் மிட்வைஃப் மிஸ்ஸி வழக்கம்போல விசாரித்தாள். "எப்ப இருந்து லீவு?" தனக்கு லீவு இல்லையென்று மேனுகா சொன்னாள். இரண்டு கார்டின் கதையையும் சொன்னாள். மிஸ்ஸி எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தாள்.

"ஆர் இல்லயெண்டு சொன்ன? அரைநாள் வேல செஞ்சாலும் அந்த லீவு இருக்குகா. ஈபீஎஃப்பும் இருக்கு. நீ முழுநாளும் செய்றாய், உன்ன ரெண்டாக் கீறி வச்சிருக்காங்க. லேபர் ஒஃபிசில போய்ச் சொல்லு."

தனியாகப் போக மேனுகாவுக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு எதிரே இருந்து வேலை செய்தவள் காத்தான்குடி இன்ஷிரா. போன மாரியில் நண்டின் முள் ஏறி இன்ஷிராவின் பெருவிரல் பழுத்து வீங்கியது. வேலைக்கு வரமுடியாமல் வீட்டில் கிடந்த நாட்களுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. அதனால் அவள் வருவாள் என்று மேனுகா நம்பினாள்.

"என்னை இழுக்காத" என்றாள் இன்ஷிரா. கையிலிருந்த கத்தி நிற்கவில்லை. "ஒனக்கு வயித்துல புள்ள. எனக்கு வீட்டில மூணு பேர் வாயத் திறந்துக்கிட்டு நிக்கிறாங்க. மனேஜர் ஒன்ட மச்சான், ஒன்னை நாளைக்கு மன்னிப்பாரு. என்னை மன்னிப்பாரா?"

"விரல் பழுத்த நேரம் அழுதாயே."

"அழுதன். இப்ப ஆறிப்போச்சி. நீ ஒன்ட வேலயப் பாரு."

மேனுகா தனியாகவே போனாள். புருசன் நிதுர்ஷன் மட்டக்களப்பு டவுனில் லேபர் ஒஃபிஸ் வாசல் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு, உள்ளே வர மனமில்லாமல் வெளியே நின்றான். அவன் வாவியில் நண்டுக்கு வலை போடுகிறவன். பிடிக்கிறதை எல்லாம் அதே கம்பனிக்குத்தான் கொடுத்தான். உள்ளே ஒரு பெண் உத்தியோகத்தர் மேனுகா சொன்னதை முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான், இது தனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை என்று மேனுகாவுக்கு விளங்கியது.

லேபர் ஒஃபிசிலிருந்து கம்பனிக்குக் கடிதம் போன அன்று பின்னேரம், மேனுகா படலையைத் திறக்கும்போதே பிரஷாந்தி கிணற்றடியில் நின்றாள். கையில் அரிசி கழுவுகிற சட்டி.

"என்ட புருசன்ட சோத்தில மண்ணப் போடத்தானா அவர் உன்ன வேலைக்குச் சேத்துவிட்ட?"

"நான் கம்பனிக்கு எதிராத்தான் முறைப்பாடு குடுத்த நான் அக்கா. அத்தானுக்கு எதிரா இல்ல."

"கம்பனி எண்டா ஆருகா? கொழும்பில ஏசியில இருக்கிறவனா வந்து நிக்கப்போறான்? கேள்வி கேட்டா இவர்தான் போய் நிக்க வேணும். அது உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே செஞ்ச?"

"அப்ப நான் என்ன செய்ய? புள்ளயப் பெத்துப் போட்டுட்டு அடுத்தநாள் நண்டு உடைக்கப் போகவா?"

"ஏலாட்டி வீட்டில கிட. ஊரில எல்லாரும் அப்பிடித்தானே கிடக்கிறாங்க. உனக்கு மட்டும் என்ன சட்டம்?"

சட்டியை அப்படியே தண்ணீரோடு முருங்கையடியில் ஊற்றிவிட்டு அவள் உள்ளே போனாள். அரிசியும் சேர்ந்து போனதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. அன்றிலிருந்து கிணற்று மோட்டர் ஓடவில்லை. அதன் வயர் பிரஷாந்தியின் வீட்டிலிருந்து வந்தது. நிதுர்ஷன் வாளி கட்டித் தண்ணீர் அள்ளினான். கொஞ்ச நாளில் வளவின் நடுவே கம்புகள் நட்டுத் தகரம் அடிக்கப்பட்டது. கிணறு யாருடைய பக்கம் என்று ஒரு சண்டை மூண்டது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, தகரத்தைக் கிணற்றின் வாய் வரை கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்கள்.

கம்பனியில் மேனுகாவை மேசையிலிருந்து எழுப்பினார்கள். பின்பக்கத்தில் ஓடு கொட்டுகிற தொட்டிகளைக் கழுவுகிற வேலை கிடைத்தது. சீமெந்துத் தரை எப்போதும் வழுக்கலாகக் கிடந்தது. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். ஒருநாள் வாசலில் கழற்றிவைத்த செருப்பைக் காணவில்லை. தேடினால் கழிவுத் தொட்டிக்குள் கிடந்தது. முன்மேசையில் யாரோ சிரித்தார்கள். பின்மேசைக்காரர்களும் சிரித்ததுதான் அவளுக்கு நொந்தது. இவர்களுக்கும் சேர்த்துத்தானே சொன்னேன் என்று நினைத்தாள். பிறகு அந்த நினைப்பையே வெறுத்தாள். அவர்கள் யாரும் சொல்லச் சொல்லி அவளிடம் கேட்கவில்லை.

அந்த வாரமே நிதுர்ஷன் ஐஸ் பெட்டி நிறைய நண்டோடு திரும்பி வந்தான்.

"அளவு காணாதாம்" என்றான். "நேத்து எடுத்த அதே அளவு. இண்டைக்குக் காணாதாம்."

மேனுகா பெட்டியைத் திறந்து பார்த்தாள். நல்ல பெரிய நண்டுகள்.

"முறைப்பாட்ட எடுத்துடுவமா?" அவன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"எடுத்தா நாளைக்கு நண்ட வாங்குவாங்க. மறுகா?"

"மறுகா என்ன, முந்தி இருந்த மாதிரி இருப்பம்."

"முந்தி இருந்த மாதிரி எப்பிடி இருக்கிற? இனி நான் ஆரெண்டு அவங்களுக்குத் தெரியும். வாய் திறந்தவள். நிப்பாட்டத்தான் போறாங்க. பயந்து நிப்பாட்டுப்படுறதவிட இப்பிடியே நிக்கிறன்."

நிதுர்ஷன் கோபத்தோடு பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு காத்தான்குடிச் சந்தைக்குப் போனான். அங்கே ஒரு வியாபாரி விலையைக் குறைத்து எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவன் மேனுகாவோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஆனால் முறைப்பாட்டைப் பற்றித் திரும்ப வாயெடுக்கவும் இல்லை.

லேபர் ஒஃபிஸ் உத்தியோகத்தர் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு மத்தியானத்துக்குப் பிறகு வந்தாள். எல்லோரும் மஞ்சள் கார்டில் இருந்த நேரம். உதயரூபன் மேல்சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

"இவங்க எல்லாம் மத்தியானம் வாற ஆக்கள், மிஸ்" என்றான். "காலம வாறது வேற செட்."

உத்தியோகத்தர் மேசை மேசையாக நடந்தாள். "நீங்க எத்தின மணிக்கு வந்தீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பெண்கள் நண்டைப் பார்த்தார்கள். "சாப்பாட்டுக்குப் பிறகு" என்று ஒருத்தி சொன்னாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். மேனுகா பின்கதவடியில் ஈரக் கையோடு நின்றாள். இதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

உதயரூபனுக்குத் தைரியம் வந்துவிட்டது. கொஞ்சம் சிரித்தான். "உண்மையச் சொன்னா மிஸ், இவங்களுக்கு இது வேலயே இல்ல. வீட்டில பொழுதுபோகாத நேரம் வந்து குந்திக் கதைச்சிட்டுப் போற ஆக்கள். பாவமெண்டு நாங்க இடம் குடுக்கிறம். இவங்களுக்கு லீவு, ஈபீஎஃப் எண்டா நாங்க எங்க போற?"

கத்திகளின் சத்தம் நின்றது.

இன்ஷிரா கையுறையைக் கழற்றினாள். பெருவிரலில் தழும்பு இன்னும் கறுத்துக் கிடந்தது.

"பொழுதுபோகாமயா?" என்றாள். "நான் சுபஹ் தொழுகையோட எழும்பி, சோறாக்கி வச்சிப்போட்டு, பஸ்சில தொங்கிக்கிட்டு வாறது பொழுதுபோகாமயா? மிஸ், நான் காலயிலதான் வந்த. நீலக் கார்ட்டும் நான்தான், மஞ்சள் கார்ட்டும் நான்தான். இந்தா இவளும் காலயில, அவளும் காலயில. எல்லாரும் காலயிலதான் வந்த. கேட்டுப் பாருங்க, இப்ப சொல்லுவாங்க."

"இன்ஷிரா, யோசிச்சுக் கதை" என்றான் உதயரூபன்.

"யோசிச்சித்தான் கதைக்கிறன். பாவம் பாத்து இடம் குடுத்தயளா? என்ட விரல் பழுக்கக்குள்ள எங்க போன உங்கட பாவம்?"

முதலில் பொய் சொன்னவளே எழுந்தாள். "நானும் காலம வந்த நான்" என்றாள். அதன் பிறகு ஆளுக்காள் சத்தம் போட்டார்கள். எழுதி முடிக்க உத்தியோகத்தர் அவர்களை வரிசையில் நிற்கச் சொல்லவேண்டியிருந்தது. மேனுகாவைக் கடந்து போகும்போது இன்ஷிரா நிற்கவில்லை. "ஒனக்காகச் சொல்லல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

விசாரணை டவுன் லேபர் ஒஃபிசில் நடந்தது. மேனுகாவும் இன்ஷிராவும் ஒரு பக்கம். மறுபக்கம் உதயரூபனும், கொழும்பிலிருந்து வந்த டிரெக்டர் ஒருவரும், அவருடைய லோயரும். கோட் போட்ட அந்த லோயர் அச்சடித்த தமிழில் பேசினார்.

"ஊழியர்களை இரண்டு அட்டைகளில் பதிவு செய்த முறை பற்றித் தலைமை அலுவலகத்துக்கு எதுவும் தெரியாது. அது உள்ளூர் முகாமையாளர் தன் விருப்பத்துக்குச் செய்த ஏற்பாடு. கம்பனி அதற்காக வருந்துகிறது. அவர் கம்பனியின் ஊழியரும் அல்லர். ஒப்பந்த அடிப்படையில் சேவை வழங்கும் வெளியாள். அந்த ஒப்பந்தத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்."

உதயரூபன் டிரெக்டரின் பக்கம் திரும்பினான். "சேர், நீங்கதானே சேர் அந்தக் கார்ட் ரெண்டையும் அடிச்சு அனுப்பின? நீங்கதானே செய்யச் சொன்ன?"

டிரெக்டர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஈபீஎஃப் கட்டுறதெண்டு சொன்னீங்களே சேர்."

"அது வெளி ஒப்பந்தக்காரர்களுக்குப் பொருந்தாது" என்றார் லோயர், டிரெக்டருக்குப் பதிலாக.

மேனுகா இந்தக் காட்சியை எத்தனையோ தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். உதயரூபன் தலைகுனிந்து நிற்க வேண்டும், அதைத் தான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தாள். இப்போது அவன் உண்மையாகவே தலைகுனிந்து இருந்தான். அவளுக்கு வாய் கசந்தது. அக்கா கிணற்றடியில் சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

"நீங்களும் ஒரு முறைப்பாடு குடுக்கலாம்" என்றாள் உத்தியோகத்தர் அவனிடம். "ஒப்பந்தம் எண்டு பேர் வச்சாலும், நீங்க என்ன வேலை செய்தீங்க எண்டதத்தான் நாங்க பாப்பம்."

உதயரூபன் எழுந்து வெளியே நடந்தான். மேனுகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். வராந்தாவில் அவனை எட்டிப்பிடித்தாள்.

"அத்தான், குடுங்க அத்தான். நீங்க அங்க முழுநாளும் நிண்டதுக்கு நான் சாட்சி சொல்றன்."

அவன் நின்றான். கண்கள் சிவந்திருந்தன. "நீ எனக்குச் சாட்சியா? நான் போய் இந்த வாங்கில, உங்களோட, அரைநாள் ஆளெண்டு குந்தவா? சீ, தள்ளு. இனி என்ட முகத்தில முழிக்காத."

கம்பனி வழக்குக்குப் போகப் பயந்து எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டது. இரண்டு கார்டும் ஒன்றாயின. எல்லோருக்கும் வேலைக் கடிதம் கொடுத்தார்கள், ஈபீஎஃப் பதிந்தார்கள். மேனுகாவுக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. முன்மேசைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. வேனில் நெருக்கம் என்றார்கள், சாப்பாட்டு அறையில் நாற்றம் என்றார்கள். பின்மேசைக்காரர்களோ வெட்கம் தெளியாமல் அவளோடு குறைவாகவே கதைத்தார்கள். இன்ஷிரா மட்டும் பிள்ளைக்கென்று ஒரு சட்டை கொடுத்தனுப்பினாள்.

பெண்குழந்தை பிறந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்காமல் இருக்க வழியில்லை. ஆனால் பிரஷாந்தி வந்து பார்க்கவில்லை. பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சொல்லப்போன நிதுர்ஷனை வாசலிலேயே வைத்துக் கதவைச் சாத்தினாள். உதயரூபன் கட்டாருக்குப் போக ஏஜென்சி ஏஜென்சியாக அலைந்தான். ஒன்றும் சரிவரவில்லை. அவனுடைய மோட்டார் சைக்கிள் விலைக்குப் போனது, பிறகு மேல்மாடிக்கு வாங்கிவைத்த கம்பியும் போனது. முறைப்பாடு கொடுக்க மட்டும் அவன் கடைசிவரை போகவில்லை.

லீவு முடிந்து மேனுகா தன் பழைய மேசைக்கே திரும்பினாள். பால் கொடுக்க நேரம் விட வேண்டும் என்பது சட்டம். நிதுர்ஷன் பிள்ளையைக் கொண்டுவந்து கேற்றடியில் நிற்பான். கல்முனையிலிருந்து வந்த புது மனேஜர் அந்த நேரம் முழுக்க மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவள் அதைப் பார்க்காததுபோல வெளியே போய், பிள்ளை போதுமென்று வாயை எடுத்த பிறகுதான் உள்ளே வருவாள்.

மழை தொடங்கிய காலம் ஒரு காலையில் வேனிலிருந்து இறங்கியபோது, வேலை கேட்டு வந்த பெண்களுக்கிடையில் பிரஷாந்தி நிற்பதைக் கண்டாள். முக்காடுபோல சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டிருந்தாள். தங்கையைக் கண்டதும் வாவிப் பக்கமாக முகத்தைத் திருப்பினாள். மேனுகா நின்றாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஆள் பற்றாக்குறை இருந்ததால் பிரஷாந்தியை அன்றே எடுத்தார்கள். வேலைக் கடிதத்தில் முழுநேர ஊழியர் என்று இருந்தது. ஈபீஎஃப்புக்கு அன்றைக்கே கையெழுத்து வாங்கினார்கள். இன்ஷிராவின் பக்கத்தில், மேனுகாவுக்கு எதிர்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. மனேஜர் அவளை அங்கே கொண்டுவந்து இருத்தினார்.

பழைய மனேஜரின் பெண்சாதிக்கு நண்டு உடைக்கத் தெரியாது. முதல் ஓட்டிலேயே கத்தி வழுக்கிக் கையுறை கிழிந்தது. இன்ஷிரா அவளுடைய கையைப் பிடித்துக் கத்தியைச் சரியாக வைத்துக் காட்டினாள். மேசை முழுவதும் அக்காவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தது. மேனுகா தன் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலைந்து நண்டு உடைத்த பிறகு பிரஷாந்தி வாய் திறந்தாள்.

"உன்னாலதான் நான் இஞ்ச குந்தியிருக்கன்."

பற்களுக்கிடையில் வந்த சொல் அது. புருசன் வேலையில்லாமல் வீட்டில் கிடப்பதையும், விற்ற சாமான்களையும், இந்தக் குளிரையும் சேர்த்து அவள் அதைச் சொன்னாள். மேனுகாவுக்கு அது விளங்கியது. அக்காவின் பையிலிருந்த அந்த முழுநேர வேலைக் கடிதத்தைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஓம், என்னாலதான்" என்றாள்.

கேற்றடியில் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்டது. மேனுகா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மனேஜரின் அறையைத் தாண்டி, பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனாள்.